கழுத்திலே ஒரு கத்தி

கழுத்திலே அணிவதற்கென மனிதன் தேடிக்கொண்ட பொருள்கள் பல. தாலியும் உருத்திராக்கமும், முத்தும் பவளமும், அட்டியலும் பதக்கமும் ஒருபுறமிருக்க, வைத்தியர் தமது ஸ்ரெதஸ்கோப்பையும், விளையாட்டாசிரியர் தமது விசிலையும், அலுவலகத்தார் தத்தம் அடையாள அட்டைகளையும் கழுத்திலேதான் தொங்கவிட்டுக்கொள்கின்றனர். முன்னையவை அழகுக்கும் நம்பிக்கைக்கும் உரியவை. பின்னையவை, கை நீட்டிய மாத்திரத்தே அகப்படவேண்டும் என்பதற்காகக் கழுத்துக்கு ஏறியவை. இவ்விரண்டாம் வரிசையிலே சேர்ந்ததொரு பொருளைப் பற்றியே இங்கு எழுதப் புகுகின்றோம். அது ஒரு சிறு கத்தி. மடங்காத அலகு, அவ்வலகு ஒரு சுட்டுவிரலின் நீளத்துக்கு மேற்படாது. அதற்கோர் இறுக்கமான உறை. உறையிலே ஒரு கயிறு அல்லது சங்கிலி. கழுத்திலே மாட்டினால் நெஞ்சின் நடுவே வந்து கிடக்கும்.

சில காலத்துக்கு முன்னர் சாரணர் பாசறைக்குப் புறப்படவிருந்த மாணவர் ஒருவர் இத்தகைய கத்தியொன்றை நம்மிடம் கொண்டுவந்து காட்டினார். கனடாவிலிருந்து வந்த தாய்மாமன் கொடுத்த பரிசாம். "சேர், இதைக் கழுத்திலை போட்டுக்கொண்டு போகலாமோ?" என்று கேட்டார். "போகலாம்" அல்லது "போகலாகாது" என்று ஒரு சொல்லிலே விடை கூறிவிடுதல் ஆசிரியருக்கு எளிது. ஆயின், கேள்வி அத்துணை எளிதன்று. கத்தியை ஏன் கழுத்திலே அணியவேண்டும்? அணிபவர் யார்? அணிந்தால் யாது பயன், யாது கேடு? வெளிநாட்டு உறவினரின் பெட்டிகளோடு இப்பொருள் நம் வீடுகளுக்கும் வரத் தொடங்கிவிட்டமையால், பெற்றோரும் இதனை அறிந்திருத்தல் நன்று.

கழுத்துக் கத்தி இக்காலத்தார் கண்ட புதுமையன்று. பாய்க்கப்பற் காலத்து மாலுமியை எண்ணிப் பாருங்கள். புயல் வீசும்போதுதான் அவனுக்குப் பாய்மரத்தின் உச்சியிலே வேலை. குறுக்கு மரத்தின்மேல் வயிற்றைச் சாய்த்துக்கொண்டு, ஒரு கையாலே தன்னைக் காத்து, மறு கையாலே கப்பலின் வேலையைச் செய்யவேண்டும். சிக்கிய கயிற்றை அறுக்கக் கத்தி வேண்டும். அதனை எடுக்க ஒரு கைதான் உண்டு. நனைந்து விறைத்த விரல்களிலிருந்து அது நழுவினால் என்னாகும்? முப்பது மீற்றர் உயரத்திலிருந்து விழும் பொருள், காற்றின் தடையை நீக்கிக் கணக்கிட்டால், இரண்டரைச் செக்கன் கழியுமுன்னரே கீழ்த்தளத்தை அடையும். அவ்வேளை அதன் வேகம் மணிக்குச் சுமார் 87 கிலோமீற்றர். கீழே நிற்பவன் தலை நிமிர்ந்து பார்க்கவும் அவகாசமிராது. ஆதலின், கத்தியின் அடியிலே ஒரு கயிற்றைக் கோத்து அதனைக் கழுத்திலே மாட்டிக்கொள்ளும் வழக்கம் உண்டாயிற்று. பிரித்தானியக் கடற்படை மாலுமியரின் சீருடையிலே கழுத்தைச் சுற்றிக் கிடக்கும் வெண்கயிறு இவ்வழக்கத்தின் எச்சமே. கத்தி போன பின்னரும் கயிறு அலங்காரமாக நின்றுவிட்டது.

மாலுமியரின் கத்தி பலவற்றுக்கு நுனி கூர்மையாக இராது என்பதும் கவனிக்கத்தக்கது. அலகு நேராக ஓடி, முனையிலே மழுங்கி வளைந்து நிற்கும். கப்பல் திடீரெனச் சாயும்போது தன்னையோ தோழனையோ குத்தாதிருத்தற் பொருட்டு அமைந்த அமைப்பு இது. கயிறு அறுப்பதற்கு நுனி எதற்கு? இச்சிறு உண்மையை நாம் பின்னரும் நினைவுகூர வேண்டியிருக்கும்.

வட அமெரிக்காவிலே, பெரும் ஏரிகளைச் சூழ்ந்த காடுகளில் வாழ்ந்த பழங்குடி மக்களும் 18ஆம் நூற்றாண்டளவிற் கத்தியைக் கழுத்திலே அணிந்தனர். மென்தோலுக்குப் பெயர்போன உயிர்களை வேட்டையாடி, அத்தோலைப் பிரெஞ்சு, ஆங்கில வணிகருக்குக் கொடுத்து, மாற்றாக இரும்புக் கத்திகளைப் பெற்றார்கள். அலகு ஐரோப்பாவினது, உறையோ அவர்களுடைய சொந்தக் கைவண்ணம். முள்ளம்பன்றியின் முட்களை ஊறவைத்துத் தட்டையாக்கி, சாயந் தோய்த்து, தோலின்மேல் வரிவரியாகத் தைத்த கழுத்துறைகள் இன்றும் அரும்பொருட்சாலைகளிலே காட்சிக்கு உள்ளன. அவற்றின் ஒளிப்படங்களைக் கண்டவர், இவை கருவியா ஆபரணமா என்று ஐயுறுவர். இரண்டுமேதான்.

இனி இதற்கு மாறான ஒரு சான்று. 1991ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், ஒஸ்திரியாவுக்கும் இத்தாலிக்கும் எல்லையாயுள்ள அல்ப்ஸ் மலையிலே, 3,210 மீற்றர் உயரத்தில், பனிக்கட்டிக்குள் ஒரு மனிதனின் உடல் கண்டெடுக்கப்பட்டது. சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவன். ஊட்சி என்று அவனுக்குப் பெயரிட்டுள்ளனர். அவனிடம் தீக்கல்லாலான ஒரு சிறு குத்துக் கத்தி இருந்தது, பிடி மரத்தாலானது, முழு நீளம் ஒரு சாணுக்கும் குறைவு. மரப்பட்டை நாராலே பின்னிய அழகிய உறையும் அதற்கு இருந்தது. அளவிலும் அமைப்பிலும் இன்றைய கழுத்துக் கத்தியின் முப்பாட்டன் என்றே கூறலாம். ஆயின் அவ்வுறையிலே இருந்த தோல்வார், இடுப்புப் பட்டியிலே கட்டுதற்குரியது. அவன் இடுப்பையே தேர்ந்தான்.

நம் யாழ்ப்பாணத்துப் பனையேறும் தொழிலாளரும் இடுப்பையே தேர்ந்தனர். கத்திக்கூடு இடுப்பிலே, கழுத்திலே யாதும் இல்லை. காரணம் வெளிப்படை. மரத்தை அணைத்து ஏறுபவரின் நெஞ்சு ஒவ்வொரு எழும்புதலிலும் மரத்தோடு உராய்கின்றது. அவ்விடத்திலே ஓர் இரும்புத் துண்டு கிடந்தால் நெஞ்சு புண்ணாகும். பனஞ்சிராயிலே கயிறு மாட்டினால் உயிருக்கே ஆபத்து. மாலுமியும் மரத்திலே ஏறியவன்தானே என்று கேட்கலாம். மாலுமி ஏறியது கயிற்றேணியில், அணைத்து ஏறவில்லை. எங்கே நெஞ்சு ஓய்ந்திருக்கின்றதோ அங்கே கழுத்துக் கத்தி பொருந்தும். எங்கே நெஞ்சே வேலை செய்கின்றதோ அங்கே அது தொல்லை.

அவ்வாறாயின் இக்காலத்திலே இடுப்பு ஓயாது நெஞ்சு ஓய்ந்திருப்பவர் யாவர்? பெரிய முதுகுப்பையைச் சுமந்து மலைநடை செல்பவரின் இடுப்பை, அப்பையின் அகன்ற பட்டி இறுக்கிப் பிடித்திருக்கும். அங்கே கத்தி மாட்ட இடமில்லை. சிறு தோணியிலே துடுப்பு வலிக்கும் விளையாட்டு வீரரின் இடுப்பு, நீர் புகாத துணியாலே மூடப்பட்டிருக்கும். குளிர்நாட்டிலே வேலை செய்பவரோ, முழங்கால் வரை நீண்ட தடித்த மேலங்கியைத் தூக்கினாலன்றி இடுப்பைக் காணமாட்டார். இத்தகையோருக்கு நெஞ்சு ஒன்றே எஞ்சிய இடம். அதற்கு வேறொரு சிறப்பும் உண்டு. வலப்பக்க இடுப்பிலே உள்ள கத்தியை இடக்கையால் எடுத்தல் கடினம். நெஞ்சின் நடுவோ இரு கைகளுக்கும் ஒரே தூரம். ஒரு கை சிக்கிக்கொண்டால் மறு கை உதவும். ஆழ்கடலிற் சுழியோடுவோர் முன்னாளிலே பெரிய கத்தியைக் கெண்டைக்காலிலே கட்டினர். கால் வலையிலே சிக்கினால் அதனை எட்ட முடியாமற் போவதைக் கண்டபின், சிறு கத்தியொன்றை நெஞ்சுக்கருகே உள்ள பட்டியில் வைத்துக்கொள்வோர் பலராயினர். கண்ணுக்குத் தோன்றாத நைலோன் வலைகள் கடலெங்கும் மிதக்கும் இந்நாளிலே இது அறிவுடைய மாற்றம்.

கத்தி இருந்தால் மாத்திரம் போதாது, எங்கே இருக்கின்றது என்பதும் முக்கியம் என்பதற்கு ஒரு நிகழ்ச்சியை இங்கே கூறவேண்டும். 1985ஆம் ஆண்டு, பேரு நாட்டின் அந்தீசு மலைத்தொடரிலே, சியுலா கிராண்டே என்னும் 6,344 மீற்றர் உயரச் சிகரத்தை ஜோ சிம்ப்சன், சைமன் யேற்ஸ் என்னும் இரு ஆங்கில இளைஞர் ஏறினர். இறங்கும்போது சிம்ப்சனின் கால் முறிந்தது. யேற்ஸ் பனியிலே குழி தோண்டி அமர்ந்து, கயிற்றிலே தோழனைக் கட்டிப் படிப்படியாகக் கீழே இறக்கினார். இருளிலும் பனிப்புயலிலும் சிம்ப்சன் ஒரு செங்குத்துப் பாறையின் விளிம்பைக் கடந்து அந்தரத்திலே தொங்கிவிட்டார். மேலே இருந்தவருக்கு அது தெரியாது, கூவினாற் கேளாது. தோழனின் முழுப் பாரமும் கயிற்றிலே. அமர்ந்திருந்த பனியிருக்கையோ சிறிது சிறிதாகச் சரிகின்றது. இருவரும் வீழ்வதா, ஒருவர் வீழ்வதா? அந்நேரத்திலே முதுகுப்பையின் மேற்பகுதியில் ஒரு பேனாக்கத்தி இருப்பது யேற்ஸின் நினைவுக்கு வந்தது. பாரத்தைத் தாங்கிக்கொண்டே முதுகிலுள்ள பையினின்றும் அதனை எடுத்துக் கயிற்றை அறுத்தார். சிம்ப்சன் பனிப்பிளவொன்றிலே வீழ்ந்தும் சாகவில்லை. முறிந்த காலோடு நாட்கணக்காகத் தவழ்ந்து பாசறையை அடைந்தார். அவரே பின்னர் அவ்வரலாற்றை நூலாக எழுதியதும், தம்மை வீழ்த்திய தோழனை அதிலே குறை கூறாது விட்டதும் பலர் அறிந்தவை.

நெஞ்சிலே கத்தி தொங்கியிருந்தால் யேற்ஸுக்கு எளிதாயிருந்திருக்கும் என்று சொல்லத் தோன்றும். ஆயின் மலையேறுவோர் பலர் அவ்வாறு சொல்லார். பாரந் தாங்கி முறுக்கேறி நிற்கும் கயிறு, கத்தியின் அலகு மெல்லத் தொட்டாலே அறுந்துவிடும். அத்தகைய கயிற்றின் அருகிலே, தற்செயலாக உறை கழலக்கூடிய ஒரு கத்தியைத் தொங்கவிடுதல் தகுமா? ஆகவே அவர்கள் மடக்குக் கத்தியைத் தேர்ந்து, மடித்தபடியே இடுப்புக் கச்சையிலே கொளுவி வைக்கின்றனர்.

இனிக் கத்தியின் அமைப்புக்கு வருவோம். பொதுவாகக் கழுத்துக் கத்தி தலைகீழாகவே தொங்கும். அலகு மேலே, பிடி கீழே. பிடியைப் பற்றிக் கீழ்நோக்கி இழுத்தால் கையிலே வந்துவிடும். மேல்நோக்கி இழுப்பதாயின் உறையும் கயிறும் சேர்ந்தே எழும். அலகும் முகத்தை நோக்கி வரும். ஆயின், தலைகீழாகத் தொங்கும் கத்தியைப் புவியீர்ப்பு ஓயாது கீழே இழுத்துக்கொண்டிருக்கின்றது. அதனைத் தடுத்து நிறுத்துவது உறையின் பிடிப்பு ஒன்றே. ஆதலாற்றான், கழுத்துக் கத்தி வாங்குபவர் அலகைப் பார்க்குமுன் உறையைப் பார்க்கவேண்டும் என்கின்றோம். தோலுறை அழகியது; ஆயின் வியர்வையிலும் மழையிலும் நனைந்து இளகிவிடும்; இளகிய உறை பிடியாது. அன்றியும், ஈரத்தை உள்ளே வைத்து உருக்கைத் துருப்பிடிக்கச் செய்யும். இக்காலத்திலே கைடெக்ஸ் என்னும் ஒருவகைப் பிளாஸ்ரிக் தகட்டைச் சூடாக்கி, இளகிய நிலையிலே கத்தியின்மேல் அழுத்தி, அது ஆறும்போது கத்தியின் வடிவத்தையே எடுத்துக்கொள்ளுமாறு உறை செய்கின்றனர். கத்தியைச் செலுத்தும்போது 'டக்' என்ற ஓசை கேட்கும். அவ்வோசை கேளாத உறையை நம்பற்க. உறையோடு கூடிய கத்தியைத் தலைகீழாகப் பிடித்து, மெத்தையின்மேல் வைத்து நன்றாக உலுக்கிப் பார்த்தல் ஓர் எளிய சோதனை. பத்து முறை உலுக்கியும் விழாததே கழுத்துக்கு ஏற்றது. மணல் புகுந்த உறை அலகைக் கீறும் என்பதையும், கடலிலே நனைந்தால் நன்னீரிலே கழுவி உலர்த்தவேண்டும் என்பதையும் கடற்கரையூரார்க்கு நாம் சொல்லவேண்டுவதில்லை.

நிறை மற்றொன்று. உறையும் கயிறும் சேர்ந்து நூறு கிராமை அண்டினால் பொறுக்கலாம். அதற்கு மேற்பட்டால் நடக்கும்போது ஆடும், ஓடும்போது நெஞ்சிலே அடிக்கும், குனியும்போது முன்னே வந்து ஊசலாடும். அடுப்பின்முன் குனிந்தால் குழம்புச் சட்டிக்குள்ளே எட்டிப் பார்க்கும்! சட்டைக்குள்ளே விட்டால் ஆடாது. ஆயின் அவசரத்துக்கு எடுக்கவும் இயலாது. முகங்குப்புற விழுந்தால் மார்பெலும்பின்மேல் ஒரு கட்டியான பொருள் கிடக்கின்றது என்பதையும் மறத்தலாகாது.

நிறை குறையவேண்டுமாயின் பிடி குறுகவேண்டும். மூன்று விரல் பற்றும் பிடியே பெரும்பாலும் வாய்க்கின்றது. சுவீடன் நாட்டு மோரா நகரம் நெடுங்காலமாகக் கத்திக்குப் பெயர்பெற்றது. தொழிலாளரின் இடுப்பிலே தொங்கும் மரப்பிடிக் கத்தியே அதன் புகழுக்குக் காரணம். அந்நகரத்து நிறுவனம் 2017இல் எல்ட்ரிஸ் என்னும் சிறு கத்தியை வெளியிட்டு, கழுத்திலே அணிவதற்கான கயிற்றையும் வேறாக விற்கத் தொடங்கியது. அதிலே பிடியை இயன்றவரை தடிப்பாக்கிக் குறையை ஓரளவு ஈடுசெய்துள்ளனர். ஆயினும் குறை குறையே. நூல் அறுக்கலாம், பொதி பிரிக்கலாம், சிறுமீன் துப்புரவாக்கலாம், மாம்பழம் நறுக்கலாம், பென்சில் சீவலாம். இளநீர் சீவ முடியாது. விறகு பிளக்க முடியாது. அரைமணி நேரம் தடி சீவினால் கை விறைக்கும். மீன் கழுவிய ஈரக் கையோடு பிடித்தால், காப்பு இல்லாத பிடியிலிருந்து விரல் அலகின்மேல் வழுக்கும். கையை வெட்டிக்கொண்டோர் பெரும்பாலும் இவ்வாறே வெட்டிக்கொள்கின்றனர்.

இதுவரை கூறியவை யாவும் வசதியைப் பற்றியன. உயிரைப் பற்றியது கயிறு. கத்தி என்றாற் பெற்றோர் அலகையே அஞ்சுகின்றனர். கயிற்றை நோக்குவார் அரியர். கழுத்தைச் சுற்றிய எந்தக் கயிறும் எங்கேனும் மாட்டினால் சுருக்குக் கயிறுதான். 1927ஆம் ஆண்டு செப்டெம்பர் 14ஆந் திகதி, பிரான்சு தேசத்து நீஸ் நகரிலே, உலகப் புகழ் பெற்ற நடனமாது இசடோரா டங்கன் திறந்த மோட்டார் வண்டியிலே ஏறிப் புறப்பட்டார். கழுத்திலே சுற்றியிருந்த நீண்ட பட்டுச் சால்வையின் நுனி சில்லிலே சிக்கிற்று. வண்டி நகர்ந்த சில கணத்திலே அவர் உயிர் பிரிந்தது. அது மென்பட்டு. அமெரிக்காவிலே சிறுவர்களின் மேற்சட்டைகளில் தலைமூடியையும் கழுத்தையும் இறுக்குவதற்கென அமைந்த இழைக்கயிறுகள், பூங்காச் சறுக்குமரங்களிலே மாட்டிப் பிள்ளைகளின் உயிரைக் குடித்தன. அந்நாட்டு நுகர்வோர் பொருட் பாதுகாப்பு ஆணைக்குழு 1996ஆம் ஆண்டில் அக்கயிறுகளை நீக்குமாறு அறிவுறுத்தவேண்டியதாயிற்று. கடைசல் இயந்திரத்தின் அருகே கழுத்துப்பட்டியும் சங்கிலியும் கூடாது என்பது தொழிற்கூடங்களிலே முதற்பாடம்.

இப்பொழுது கடைகளிலே விற்கும் கழுத்துக் கத்திகள் பலவற்றிலே பரசூட்டுக் கயிறு கோக்கப்பட்டிருக்கின்றது. அதன் பெருமையாக விற்பவர் கூறுவது, 550 இறாத்தல் பாரம் தாங்கும் என்பதே. அஃதாவது ஏறக்குறைய 250 கிலோகிராம். அறுபது கிலோகிராம் நிறையுள்ள இளைஞர் ஒருவர் மரக்கிளையிலே மாட்டிக்கொண்டால் கயிறு அறாது, அறாதிருப்பதே கேடு. படைவீரர் தம் அடையாளத் தகட்டைக் கோத்து அணியும் மணிச்சங்கிலி — கைகழுவும் தொட்டியின் அடைப்பானோடு பிணைத்திருப்பார்களே, அதே இனம் — வேகமாக இழுத்தால் இணைப்புக் கழன்றுவிடும். வைத்தியசாலை ஊழியரின் அடையாள அட்டை நாடாவிலும் பிடரிப் பக்கத்திலே தானே கழலும் கொளுக்கி ஒன்று இருத்தலைக் காணலாம். அத்தகைய கொளுக்கி கிடையாதெனில், கயிற்றை ஓரிடத்தில் வெட்டி, மெல்லிய இறப்பர் வளையத்தால் அல்லது தையல் நூலால் இணைத்துக்கொள்ளலாம். இணைப்பு நான்கைந்து கிலோகிராம் இழுவைக்கே விட்டுக்கொடுக்கின்றதா என்பதைப் பாடசாலை ஆய்வுகூடத்து விற்றராசிலே கொளுவி இழுத்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். நூறு கிராம் கத்தியைச் சுமக்க அது தாராளம்.

இங்கே ஒரு முரண்பாடு எழுகின்றது. மாலுமி கழுத்திலே கயிறு கட்டியது கத்தி விழாதிருக்க. நாமோ, மாட்டினால் அறுந்துவிடும் கயிற்றைக் கட்டச் சொல்கின்றோம். கத்தியை இழவாத கயிறு ஆளை விடாது. ஆளை விடும் கயிறு கத்தியை இழக்கும். இரண்டிலும் ஒன்றையே கொள்ளமுடியும். கத்தி கடையிலே கிடைக்கும்.

உறங்கும்போது அணிதல், மரமேறும்போது அணிதல், துவிச்சக்கரவண்டி ஓட்டும்போது வெளியே தொங்கவிடுதல், விளையாட்டு மைதானத்திலே அணிதல் ஆகிய நான்கும் எக்காரணம் கொண்டும் ஆகா. சிறுபிள்ளைகள் உள்ள வீட்டிலே, தூக்கி எடுக்கும் குழந்தையின் கை முதலிற் பற்றுவது கழுத்திலே தொங்குவதைத்தான் என்பதைத் தாய்மார் அறிவர்.

இளைஞர் சிலர் இதனைத் தற்காப்புக்கென எண்ணுகின்றனர். வெளிப்படையாகவே கூறிவிடுகின்றோம்: இது மருட்சி. விரலளவு அலகு எவரையும் தடுத்து நிறுத்தாது, சச்சரவைப் பெருக்கும். எதிரே நிற்பவன் கயிற்றைப் பற்றி இழுத்தால், கத்தி அணிந்தவரே பிடிபட்டவர். மாலுமியின் மழுங்கிய நுனியை நினைவுகூருமாறு முன்னர்ச் சொன்னதும் இதற்காகவே. கடலிலும் ஆற்றிலும் உயிர்காக்கும் பணியிலுள்ளோர் இன்றும் நுனி மழுங்கிய கத்தியையே விரும்புகின்றனர்.

படைக்கலத்தைக் கழுத்திலே அணிவது நம் மரபுக்கும் அயலன்று. திருமாலின் சங்கு, சக்கரம், கதை, வாள், வில் என்னும் ஐந்தையும் சிற்றுருவாகச் செய்து கோத்த ஐம்படைத்தாலியைக் குழந்தைகளுக்குக் காப்பாக அணிவித்தமை பழந்தமிழ் நூல்களாலே தெரிகின்றது. தலையாலங்கானத்துப் போரிலே வென்ற பாண்டியன் நெடுஞ்செழியன், பிள்ளைப் பருவத்துத் தாலியைக் கழற்றுமுன்னரே களம் புகுந்தான் என்று புறநானூற்றுப் புலவர் ஒருவர் வியக்கின்றார். நம் நாட்டுச் சிங்கள மக்களிடையே பஞ்சாயுதம் என்ற பெயரிலே அவ்வணி இன்றும் வழக்கில் உள்ளது. பிறந்த குழந்தைக்குப் பொன்னிலே செய்து அணிவிக்கின்றனர். அதிலுள்ள வாள் எதனையும் வெட்டாது. காப்பது அதன் கூர்மையன்று என்று அன்னையர் அறிந்தேயிருந்தனர்.

வெட்டும் கத்தியை அணிபவர்க்கோ சட்டம் குறுக்கே நிற்கும். நம்மவர் பெருந்தொகையாக வாழும் பிரித்தானியாவிலே, 1988ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டம், மூன்று அங்குலத்துக்கு மேற்படாத அலகுடைய, பூட்டிக்கொள்ளாத மடக்குக் கத்திக்கு மாத்திரமே விலக்கு அளிக்கின்றது. கழுத்துக் கத்தி ஓர் அங்குலமேயாயினும் அது மடங்காதது. ஆதலால், தக்க காரணமின்றிப் பொது இடத்திலே வைத்திருத்தல் குற்றம். தொழில், சமயம், தேசிய உடை என்பன ஏற்புடைய காரணங்களாகச் சொல்லப்பட்டுள்ளன. "மாமா தந்தவர்" என்பது அவற்றுள் இல்லை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலச் சட்டம் இன்னும் வியப்பானது. மடங்காக் கத்தியை உறையிலிட்டு இடுப்பிலே வெளிப்படத் தொங்கவிட்டால், அது மறைத்து வைத்ததாகாது என்று அச்சட்டம் தெளிவாகக் கூறுகின்றது. கழுத்தைப் பற்றி அவ்வாறு கூறவில்லை. அதனைச் சட்டைக்குள்ளே விட்டவர் கடுங்குற்றத்துக்கு உள்ளாகலாம். ஊட்சி கலிபோர்னியாவிலே பிழைத்துக்கொள்வான். நம் மாணவர் பிழையார்.

சீக்கியரின் கிர்பான் பற்றி ஒரு சொல். 1699ஆம் ஆண்டிலே குரு கோவிந்த சிங் வகுத்த ஐந்து அடையாளங்களுள் அது ஒன்று. தோளிலிருந்து குறுக்கே செல்லும் பட்டியிலே அணிவது முறை. சிலர் மிகச் சிறு உருவிலே கழுத்தில் அணிதலும் உண்டு. கனடாவிலே ஒரு மாணவரின் கிர்பான் பாடசாலை முற்றத்திலே தவறி விழுந்ததிலிருந்து எழுந்த வழக்கு, அந்நாட்டு உயர் நீதிமன்றம் வரை சென்று 2006இலே தீர்ந்தது. முற்றாகத் தடுத்தல் ஆகாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயின் மாணவர் முன்னரே ஏற்றுக்கொண்ட நிபந்தனைகள் நிலைத்தன: மர உறை, அதன்மேல் தடித்த துணி, துணியைச் சுற்றித் தையல், அதன்மேல் ஆடை. எடுத்து வெட்ட இயலாத கத்தியாக அது பாடசாலைக்குள் நுழைந்தது. ஏறத்தாழ ஐம்படைத்தாலியிலுள்ள வாளைப் போல.

இந்தியாவின் உள்நாட்டு விமானங்களிலே சீக்கியர் ஆறங்குலத்துக்கு மேற்படாத அலகுடைய கிர்பானை அணிந்து செல்லலாம். மற்றையோர்க்கு விமானத்திலே கழுத்துக் கத்தி இல்லை. பொருட்பகுதிக்கு அனுப்பும் பெட்டிக்குள்ளேதான் அது போகவேண்டும். கையிலே உள்ள பையைப் பலமுறை சோதித்துக்கொண்டு புறப்படுகின்றவர், நெஞ்சிலே கிடப்பதை மறந்துவிடுவர். நாட்பட அணிந்தது உடம்பின் பகுதியாகிவிடும் அன்றோ? கட்டுநாயக்காவுக்குப் புறப்படும் நாளிலே, வீட்டிலே நிலைக்கண்ணாடிமுன் நின்று கழுத்தை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டு புறப்படுதல் நன்று.